தாயம்மாவுக்குத் தெரிந்த மஞ்சள் பூக்கள்

தாயம்மாவுக்குப் படிப்பு வாசனை கிடையாது. ஆனால் அடையாற்றங்கரைச் செடிகளில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது. புருஷன் போனபின் பதினாறு வருஷம், மூலிகை பறித்து ராயப்பேட்டை ஹபீபுர் ரஹ்மானின் யூனானி மருந்துக் கடைக்குக் கொடுத்துத்தான் வயிற்றைக் கழுவினாள்.

நமக்கெல்லாம் மஞ்சள் பூ என்றால் மஞ்சள் பூ, அவ்வளவுதான். அவளுக்கு ஆவாரைக் குடும்பத்திலேயே ஐந்து பேர். ஆவாரை, நிலாவாரை, தகரை, பேயாவாரை. மரமாக நிற்கும் சரக்கொன்றையையும் அதில்தான் சேர்ப்பாள். தகரைக்கு மூன்றே ஜோடி இலை, நுனி மழுங்கியிருக்கும், கொழுந்தைக் கீரையாகச் சமைக்கலாம். பேயாவாரைக்கு நான்கைந்து ஜோடி, நுனி கூர். கசக்கினால் குமட்டும். அதன் காய் விஷம்.

இந்த வித்தியாசத்தைக் குப்பத்தில் ஒருத்திக்கும் அவள் சொன்னதில்லை. சொன்னால் மறுநாளே நாலு பேர் கூடையோடு கடை வாசலில் நிற்பார்கள். இரக்கப்பட்டுத் தகரைக் கீரை கொடுத்தால்கூட, இலை அடையாளம் தெரியாதபடி பொடியாக நறுக்கித்தான் கொடுப்பாள். அவளைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். பிழைப்பு அப்படி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றில் ஆற்று வெள்ளம் வடிந்ததும் கரையெங்கும் பேயாவாரை முளைத்து, தை பிறப்பதற்குள் காய்த்துத் தொங்கியது. யுத்த காலம். ரேஷன் அரிசி வாரம் முழுக்க வராது. பக்கத்துக் குடிசை சகினாவின் புருஷன் பட்டாளத்தில் இருந்தான். அவளுடைய இரண்டு பெண்களும் பசியில் கண்டதையும் மென்றுகொண்டு திரிந்தார்கள். கரையில் பச்சைக் காயைப் பிய்த்துத் தின்கிறார்களே, ஏதாவது ஆகுமா என்று சகினா வந்து கேட்டாள். எந்தச் செடி என்று தாயம்மா போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் பிரித்துச் சொல்லவேண்டி வரும்.

"அல்லாம் ஆவாரைதான். ஒண்ணும் ஆவாது," என்றாள்.

அந்த வாரமே மூத்தவள் ஜைதூன் படுத்தாள். ஐந்து வயசு. காலையில் வாந்தி, மறுநாள் வலிப்பு. ஆஸ்பத்திரியில் மூளைக் காய்ச்சல் என்றார்கள். அதற்கடுத்த நாள் அடக்கம் செய்தார்கள். காய்ச்சலுக்கு யார் என்ன செய்ய முடியும் என்று சகினா அழுதாள்.

அன்று சாயங்காலம்தான் தாயம்மா கரைக்குப் போனாள். கூர் நுனி இலைகளுக்கு அடியில் மென்று துப்பிய காய்த்தோல் கிடந்தது. வாயை மூடிக்கொண்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்ற நினைப்பும் அவளுக்கு வந்தது. இரண்டு நாள் கை கிழியச் செடிகளைப் பிடுங்கினாள். ஆற்றங்கரை முழுவதையும் ஒருத்தி பிடுங்க முடியுமா? சின்னவள் அஃப்சர் அங்கேயேதான் விளையாடிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் தகரையில் ஒரு கொத்தும் பேயாவாரையில் ஒரு கொத்தும் ஒடித்துக்கொண்டு சகினாவிடம் போனாள். இலைகளை எண்ணிக் காட்டினாள், நுனியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள், ஜைதூன் தின்றது எது என்றும் சொன்னாள். சகினா கூர் நுனியை விரலால் தடவினாள்.

"இது உனுக்கு முன்னியே தெரியுமாக்கா?"

"தெரியும்."

சகினா பேயாவாரைக் கொத்தை மட்டும் எடுத்துக்கொண்டு எழுந்தாள். பிள்ளை இருக்கிற வீடு ஒன்றுவிடாமல் ஏறி இலையைக் காட்டினாள். ஒவ்வொரு வீட்டிலும் அதையேதான் சொன்னாள்: "இத்தோட காய் வெசம். தாயம்மாவுக்கு முன்னியே தெரியும்."

தாயம்மா அவள் பின்னாலேயே நடந்தாள். எந்த வாசலிலும் அவள் அதை மறுக்கவில்லை.