ஸ்டெல்லா டீச்சர், திங்கட்கிழமை எட்டரைக்குப் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வேன்?

ஸ்டெல்லா டீச்சர் இறந்துவிட்டார். நேற்றுக் காலை, செங்காங் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்... அவ்வளவுதான். ஐம்பத்து நான்கு வயது.

நண்பர்களே, நான் முப்பத்தைந்து ஆண்டுகள் பேருந்து ஓட்டியவன். என் ஹார்ன் சத்தத்துக்குச் சாங்கியில் விமானங்களே ஒதுங்கி வழிவிட்ட காலம் உண்டு. அப்பேர்ப்பட்ட மாவீரனான நான் இன்று இந்தப் பதிவையே நான்காவது முறையாக அடிக்கிறேன்.

பயம். வேறொன்றுமில்லை... சுத்தமான பயம்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். லிட்டில் இந்தியாவில் ஒரு பாலர் பள்ளியில் டீச்சர் தமிழ் சொல்லிக்கொடுத்தார். ரிட்டையர் ஆனபிறகு நான் திங்கட்கிழமைதோறும் அவர் வகுப்புக்குப் போய்ப் பொடிசுகளுக்குக் கதை சொல்வேன். வாலன்டியர் உத்தியோகம். ஊதியம், ஒரு கப் மைலோ.

நாலு மாதத்துக்கு முன் டென்மார்க்கிலிருந்து நான்கு டீச்சர்கள் ஒரு வாரம் வந்திருந்தார்கள். அவர்கள் பள்ளிக்கும் எங்கள் பள்ளிக்கும் பார்ட்னர்ஷிப். சின்னப் பிள்ளைகளை அவர்கள் எப்படி வளர்க்கிறார்கள், நாம் எப்படி வளர்க்கிறோம் என்று பார்த்துப் பகிர்ந்துகொள்வது.

டீச்சர் என்னை அவர்கள் முன்னால் நிறுத்தி, "திஸ் இஸ் அவர் ஓரல் டிரடிஷன்" என்றார். அறுபத்தெட்டு வயதில் நான் ஒரு வாய்மொழி மரபு ஆகிவிட்டேன்!

மரபு உடனே வேலையைக் காட்டியது. ரோச்சோர் கால்வாயில் முதலையோடு மூன்று நாள் மல்லுக்கட்டிய என் வீர வரலாற்றை எடுத்துவிட்டேன். டீச்சர் மொழிபெயர்க்க, நால்வரில் ஒருவரான காரின் என்பவர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டே போனார்.

"அங்கிள், அவங்க ரிப்போர்ட் எழுதுறாங்க. முதலைய கொஞ்சம் சின்னதாக்குங்க லா," என்று டீச்சர் கிசுகிசுத்தார். நான் சம்மதிக்கவில்லை. முதலை இன்னும் பத்தடி வளர்ந்தது.

அந்த வாரம் மட்டும் தினமும் போனேன். அதே வாரம்தான் மீன் விவகாரம்.

பிள்ளைகள் மதியம் தூங்கும்போது வகுப்புத் தொட்டியில் தங்கமீன் செத்து மிதந்தது. அதை டிஷ்யூவில் சுற்றி, ஆபீஸ் ஃபிரிட்ஜில் பிரின்சிபாலின் தயிருக்குப் பக்கத்தில் ஒளித்தேன். அவர்கள் எழுவதற்குள் ஓடிப்போய் அதே நிறத்தில் ஒன்று வாங்கி வந்து தொட்டியில் விட்டேன்.

"மீன் லீவுல பாத்தாம் தீவுக்குப் போயிட்டு இப்பதான் வந்துச்சு," என்று அறிவித்தேன்.

நிலா என்ற பொடிசு தொட்டியை உற்றுப் பார்த்தாள். "நம்ம மீனுக்கு வால்ல வெட்டு இருக்கும் அங்கிள். இதுக்கு இல்ல. நீங்க சீட்டிங்."

காரின் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பள்ளியில் முயல் செத்தால் பிள்ளைகளிடமே காட்டி, செத்துவிட்டது என்று நேராகச் சொல்லி, அவர்களையே குழி தோண்ட விடுவார்களாம்.

டீச்சர் அரண்டுபோனார். "ஐயையோ, நம்ம பேரண்ட்ஸ் என்னையப் பொதைச்சிருவாங்க!"

ஆனால் மறுநாள் அவரே ஃபிரிட்ஜிலிருந்து மீனை எடுத்துவந்து, பிள்ளைகள் நடுவே தரையில் உட்கார்ந்து, டிஷ்யூவைப் பிரித்தார். "மீன் செத்துப்போச்சு. பாத்தாமுக்கெல்லாம் போகல. இனிமே வராது."

"நாளைக்கு?" என்றது ஒரு குரல்.

"நாளைக்கும் வராது."

இரண்டு பேர் அழுதார்கள். ஒருத்தன் பிஸ்கட் எப்போது என்று கேட்டான். கறிவேப்பிலைத் தொட்டியில் புதைத்தோம்.

அப்புறம் டீச்சர் என்னைத் தனியே கூப்பிட்டார். "அங்கிள், மத்தது எது வேணாலும் புளுகுங்க. செத்துப்போன விஷயத்துல மட்டும் பிள்ளைங்கள ஏமாத்தாதீங்க."

பெரிய மகாராஜா போலத் தலையாட்டினேன். மீனோடு போயிற்று என்று நினைத்தேன்...

இன்று காலை பிரின்சிபாலிடமிருந்து போன். நாளை எட்டரைக்குத் தமிழ் வகுப்பு. டீச்சரைத் தவிர அங்கே பிள்ளைகளோடு தமிழில் பேசிப் பழகிய முகம் என்னுடையது மட்டும்தான்.

"அங்கிள், யூ டெல் தெம், கேன்?"

"கேன்," என்று வாய் சொல்லிவிட்டது.

என் பயம் இதுதான். நான் எந்தக் கதை சொன்னாலும் முடிவில் டீச்சர் பிள்ளைகளைப் பார்த்து, "உண்மையா, பொய்யா?" என்பார். பதினேழு பேரும் கூரை பறக்க, "பொய்ய்ய்ய்!" என்று கத்துவார்கள்.

நாளைக்கும் கத்தினால்? சிரித்துக்கொண்டே கத்தினால்... நான் என்ன செய்வேன்?

மதியம் செங்காங் போனேன். டீச்சரின் அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில் சவப்பெட்டி வைத்திருந்தார்கள். ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. நிலா தன் அம்மாவோடு வந்திருந்தாள். என்னைக் கண்டதும் ஓடி வந்தாள்.

"அங்கிள், டீச்சர் ஏன் பாக்ஸ்ல தூங்குறாங்க?"

அவள் அம்மா பின்னாலிருந்து மெதுவாக, "தூங்குறாங்கன்னே சொல்லிடுங்க அங்கிள், ப்ளீஸ்," என்றார்.

என் நாக்கு நுனியில் அதற்குள் நாற்பது கதைகள் வந்து வரிசை கட்டிவிட்டன. அத்தனையையும் விழுங்க வேண்டியிருந்தது.

"தூங்கலம்மா. டீச்சர் செத்துப்போயிட்டாங்க."

"பொய்தானே?"

"உண்மைம்மா."

சிரிப்பேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். ரொம்ப நேரம்... பிறகு திரும்பிப் போய் அம்மாவின் இடுப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

அவள் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே நடந்தார்.

செய்தது சரியா... தெரியவில்லை. இன்னும் பதினாறு பேர் இருக்கிறார்கள்.

நிம்மதியாகப் போங்கள், டீச்சர். நாளை எட்டரைக்கு நான் வகுப்பில் இருப்பேன்.