மேர் என்றால் கடல்

பிரெஞ்சில் மேர் என்ற ஒலிக்கு மூன்று பொருள். அம்மா, கடல், ஊரை ஆளுகிற நகரபிதா. எழுதும்போது வேறு வேறு, வாயில் ஒன்று. ஒன்பது வயதில் எனக்கு முதல் இரண்டும்தான் தெரியும். மொன்றியலுக்கு வந்து ஒரு குளிர்காலம்தான் கழிந்திருந்தது. ஆனாலும் வீட்டில் பிரெஞ்சு தெரிந்த ஒரே ஆள் நான்.

அப்பா அப்போது எல்லாவற்றையும் சந்தேகித்தார். தொலைபேசியில் க்ளிக் என்று கேட்டால் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள். தபால்காரர் கதவடியில் ஒரு நிமிடம் கூடுதலாக நின்றால் அகதி வழக்கு முடிந்தது. எல்லாவற்றிலும் பெரிய சந்தேகம் அப்பப்பா, அப்பாவின் அப்பா, இறந்த செய்தியின் மேல். ஊரில் சண்டைக்குத் தப்பி, கிளாலிக் கடலில் இரவோடிரவாக வள்ளம் ஏறியவர் அக்கரையில் இறங்கவில்லை. அவ்வளவுதான் செய்தி. உடலை ஒருவரும் காணவில்லை. எள்ளுத் தண்ணீர் இறைக்கும்படி அம்மா கேட்கும்போதெல்லாம் அப்பாவிடம் ஒரே பதில்: "தேடிப் பாக்காமல் எப்பிடி இறைக்கிறது?"

அம்மாவின் தம்பி, என் மாமா, டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களுக்குள் குப்பை கூட்டுகிறவர். கூட வேலை செய்த ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஆடி அமாவாசைக்கு எங்களை ஓர் ஏரிக்கரை ஊருக்குத் தன் பழைய வான் வண்டியில் ஏற்றிப் போனார். சோளம், சோளம், பிறகும் சோளம். வெள்ளித் தகரக் கோபுரத்தோடு ஒரு தேவாலயம். அதன் பக்கத்தில், கொட்டில் அளவான ஒரு கட்டடத்தில், அந்த ஊரின் முழு அரசாங்கமும். வேலிகள் இல்லை. வேலி இல்லாத காணிகளை அப்பா நம்பவில்லை. யன்னல் சீலைகள் அசைந்ததை நான்தான் முதலில் கண்டேன். எங்களை அந்த ஊரும் நம்பவில்லை.

ஏரிக்கு அக்கரை தெரியவில்லை. "கடல் மாதிரிக் கிடக்கு" என்றாள் அம்மா. கரையில் நின்ற பலகை, இது ஊரவர்க்கு மட்டும் என்றது. வாசித்துச் சொன்னேன். "நாங்களும் ஏதோ ஓர் ஊரவர்தானே" என்று மாமா வானை நிறுத்தினார். அம்மா தண்ணீர் விளிம்பில் வாழையிலை விரித்துச் சோறு படைத்தாள். அப்பா எள்ளைக் கையில் பொத்திக்கொண்டு நின்றார். கை திறக்கவில்லை.

வெள்ளைப் பிக்கப் வண்டி ஒன்று மெதுவாகக் கடந்தது. திரும்பி வந்தது. பிறகு நின்றது.

"அத்தான், பேசாம நில்லுங்கோ. பொலிஸா இருந்தால் கேஸ் போச்சு" என்றார் மாமா.

இறங்கியவர் பெரிய மீசைக்காரர். சப்பாத்தில் மாட்டுச் சாணம். நெஞ்சில் கைவைத்து, தான் இந்த ஊரின் மேர் என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இவர்தானாம் இந்த ஊருக்கு அம்மா."

"மீசையோட நல்ல அம்மாதான்" என்றார் மாமா. அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவுக்கு வரவில்லை.

மீசைக்காரர் இலையைச் சுட்டி, யாருக்கு இந்தச் சாப்பாடு என்று கேட்டார். அப்பப்பாவுக்கு, என்றேன். அவர் எங்கே? எனக்குத் தெரிந்த சொல்லைத் தெளிவாகச் சொன்னேன்: மேரில். கடலில். அம்மா எனக்குச் சொல்லியிருந்ததும் அதுதான்.

அவர் ஏரியைப் பார்த்தார். இந்தச் சிறுமிக்கு ஏரி என்ற சொல் தெரியாது என்று நினைத்திருக்க வேண்டும். முகம் வெளிறியது. பிக்கப்புக்கு ஓடி வானொலிக் கருவியில் கத்தினார். அங்கே நகரபிதாவே தீயணைப்புப் படைக்கும் தலைவர் என்பது பிறகுதான் விளங்கியது. கொஞ்ச நேரத்தில் அசைந்த யன்னல் சீலைகளுக்குப் பின்னாலிருந்த ஊர் முழுக்கக் கரைக்கு வந்துவிட்டது. வைக்கோல் ஒட்டிய சட்டைகள், படகுகள், நீண்ட தடிகள். ஒரு மனுசி அம்மாவின் தோளில் போர்வை போர்த்தினாள், அந்த வெயிலில்.

மீசைக்காரர் குனிந்து என்னிடம் அப்பப்பாவின் பெயரைக் கேட்டார். சொன்னேன். படகுகளில் இருந்தவர்கள் அந்தப் பெயரை உடைத்தும் நீட்டியும் தண்ணீரின் மேல் கூப்பிடத் தொடங்கினார்கள்.

"அப்பா, இவையள் அப்பப்பா இஞ்சதான் விழுந்தவர் எண்டு நினைக்கினம். நான் சொல்லட்டே?"

அப்பா என் கையைப் பிடித்தார். எள் என் உள்ளங்கையில் உறுத்தியது. "பொறு. கொஞ்சம் தேடட்டும்."

"அத்தான், உங்களுக்கு விசரே?" மாமா வான் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அப்பா திரும்பவில்லை. படகு போகும் பக்கமெல்லாம் அவருடைய கண்ணும் போனது. நாணற்புதருக்குள் ஒருவர் தடியை விட்டுத் துழாவியபோது அப்பா ஓரடி முன்னால் வைத்தார், உண்மையாகவே ஏதோ அகப்பட்டுவிடும் என்பதுபோல. அப்போதுதான் நான் அப்பாவைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

படகுகள் வெறுமனே திரும்பின. இடுப்பளவு நனைந்திருந்த மீசைக்காரர், எத்தனை மணிக்கு விழுந்தார் என்று கேட்டார். அப்பாவிடம் கேட்டேன். அப்பா சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன்: போன வருடம். எங்கள் நாட்டில்.

இனி அடிப்பார்கள் என்று நினைத்தேன். மீசைக்காரர் அப்பாவை நெடுநேரம் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராய்.

அப்பா சப்பாத்தோடு ஏரிக்குள் இறங்கிக் கையைத் திறந்தார்.

திரும்பும்போது வெள்ளைப் பிக்கப் எங்கள் பின்னாலேயே வந்தது. வண்டி இலக்கத்தை எழுதத்தான் வாறான் என்று மாமா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு ஓட்டினார். ஊரின் எல்லைப் பலகையில் அது நின்றது. ஒருமுறை விளக்கைச் சிமிட்டிவிட்டுத் திரும்பிப் போனது. அதையும் நாங்கள் சந்தேகித்தோம்.

"ஏன் அந்தச் சனத்தைப் பேய்க்காட்டி ஏமாத்தினனீங்கள்?" அம்மா மெதுவாகக் கேட்டாள். இன்னும் அந்தப் போர்வைக்குள்தான் இருந்தாள்.

அப்பா ஈரச் சப்பாத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "தேடியாச்சு" என்றார்.

ஒன்றும் கிடைக்கவில்லையே, பிறகேன் கிடைத்தமாதிரிச் சொல்கிறார் என்று யோசித்தபடி, வெளியே சோளத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.