மதுவிலக்குக் காலத்தில் பர்கண்டி

காலை ஏழு மணிக்கு இரண்டு தந்திகள், இரண்டின் அடியிலும் ஞானப்பிரகாசம் என்ற பெயர்: பகுதிநேர நிருபரின் பிழைப்பில் இதைவிட மோசமான விடியல் கிடையாது. ஞானப்பிரகாசம் எங்கள் நாளிதழின் வேலூர்ப் பதிப்பில் ஞாயிறு மலருக்குப் பொறுப்பாளர். முதல் தந்தி, ‘பர்கண்டி கட்டுரை கிடைத்தது, பிரமாதம்’ என்றது. இரண்டாவது, ‘முதல் தந்தியை மறக்கவும், உடனே புறப்பட்டு வரவும்’ என்றது.

அது 1978. மாநிலம் முழுக்க மதுவிலக்கு. நானோ திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு, பிரான்ஸில் ஒயின் விளையும் சீமையைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தேன். அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமாகப் போவதாகப் பேச்சு. கைக்குக் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு வேலூர் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ் போளூர் தாண்டும்வரை, இந்த வினையை எங்கே இழுத்துக்கொண்டோம் என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஒரு சுவர், இரண்டு ருசி

செங்கம் சாலையில் வாடகை அறையில் தங்கியிருந்த மிஷேல் பர்கண்டிக்காரர். பரம்பரையாகத் திராட்சை பயிரிடும் குடும்பம். ஒருநாள் டீக்கடை வாசலில் குச்சியால் மண்ணில் ஒரு சரிவை வரைந்தார். கிழக்கு பார்த்த சரிவு, காலை வெயில் நேராக விழும். உச்சியில் மண் மெலிசு, அடிவாரத்தில் ஈரம் தேங்கும், நடுச்சரிவில் விளைவதுதான் உசத்தி. அதிலும் குறுக்கே ஒரு கல்சுவர் இருந்தால், ஒரே ரகத் திராட்சைதான் என்றாலும் இந்தப் பக்கத்து ருசி அந்தப் பக்கம் வராதாம். அவருடைய இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்லியபடியே பரவசமாகக் குறிப்பெடுத்தேன். அறையின் சொந்தக்காரர் முனுசாமி, கீழ்பென்னாத்தூர் விவசாயி, வேர்க்கடலையை, அவர் பேச்சில் மல்லாட்டையை, உரித்து வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்:

“எங்க மேட்டுக் கொல்லை மல்லாட்டையும் பள்ளத்து மல்லாட்டையும் ஒரே ருசியாவா இருக்குது? இதுக்குப் போயி நோட்டுல எழுதுறீங்களே சார்!”

வினிகர் வழக்கு

பர்கண்டி மண்ணில் சுண்ணாம்பு ஜாஸ்தி. புளித்த காடி ஊற்றினால் நுரைக்கும் என்றார் மிஷேல். முனுசாமியின் நிலத்தைச் சோதிக்க ஒரு பாட்டில் வினிகரோடு மூவரும் போனோம். மிஷேல் மண்டியிட்டு, பாட்டிலைச் சாய்த்து, காதைத் தரையோடு வைத்தார். செம்மண் மூச்சு விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து இறங்கினார். வெள்ளைக்காரர், பாட்டில், மதுவிலக்கு. நாளைய செய்தியில் நானே இடம்பெறப் போவதாக நினைத்தேன். அவர் பாட்டிலை மூக்கருகே கொண்டுபோய் முகத்தைச் சுளித்தார். ஈரமான மண்ணைப் பார்த்தார், மிஷேலின் முழங்காலைப் பார்த்தார். கடைசியில் என்னிடம் சொன்னார்:

“குடிச்சவனைப் புடிச்சிருக்கேன், வித்தவனைப் புடிச்சிருக்கேன். நல்லவேளை, மண்ணுக்கு ஊத்துறவனுக்கு இன்னும் செக்‌ஷன் போடலை, கிளம்புங்க.”

ஏப்ரல் பனி

தார் இளகும் ஏப்ரல் மதியம் ஒன்றில் மிஷேல் தன் ஊர் ஏப்ரலைப் பற்றிச் சொன்னார். கொடி துளிர்க்கும் சமயத்தில் உறைபனி இறங்கும். துளிர் கருகாமல் இருக்க விடியுமுன் தோட்டம் நெடுக வரிசையாகத் தீ மூட்டுவார்கள். ஒரு வருஷம் தீயும் பலிக்கவில்லை. மொத்த விளைச்சலும் போயிற்று. அந்த வருஷம்தான் அவர் அண்ணனிடம் நிலத்தை விட்டுவிட்டுக் கிளம்பினாராம்.  டீக்கடைக்காரர் அவருக்கு இன்னொரு டீயை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்:

“எங்க ஏப்ரல்ல பாதி எடுத்துக்கச் சொல்லுங்க சார், நாங்க ஒண்ணும் கேக்க மாட்டோம்.”

வேலூரில் தீர்ப்பு

ஞானப்பிரகாசம் என் கட்டுரையை மேஜைமேல் விரித்து வைத்திருந்தார். வரிக்கு வரி சிவப்புப் பென்சில் டிக். மதுவை ஆதரிப்பதாக ஒரு வரி இருந்தாலும் பத்திரிகைக்கு நோட்டீஸ் வரும், எனக்குக் கல்தா என்பது தெரியும். நானும் சும்மா இல்லை. எழுதும்போதே பயந்து, குடிப்பது, மணப்பது, மயங்குவது எதையும் உள்ளே விடவில்லை. சரிவு, சுண்ணாம்பு, பனி, வெயில், இவ்வளவுதான். நான் ஒயினை வாயில் வைத்ததும் இல்லை. அவர் கண்ணாடியைக் கழற்றினார்:

“நாலு தடவை படிச்சேன்யா, ஒயினைப் பத்தின கட்டுரையில ஒரு சொட்டு இல்லை, முழுக்க மண்ணு! ஞாயிறு மலருக்கு ஒத்துவராதுன்னுதான் ரெண்டாவது தந்தி. விவசாயப் பக்கத்துல போட்டுட்டேன், ஒண்ணாம் தேதியிலேர்ந்து நீ நிரந்தரம், அந்தப் பக்கத்தையே பார்த்துக்க.”

1981-ல் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். அந்த வாரம் நான் கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டைச் செடியில் விழுந்த சுருள்பூச்சியைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.