எப்போதும் ஜெயித்த கெண்டைக்கால்

ராயபுரத்தில் கால் விளங்காத பிள்ளைகளுக்கெல்லாம் அப்பா டாக்டர். எனக்குக் காய்ச்சல் வந்தால் மட்டும் பக்கத்துத் தெரு கம்பவுண்டர் வருவார். பிள்ளைகளின் தசைகள் ஏன் பலம் இழக்கின்றன என்று ஆராய்வதுதான் அப்பாவின் உயிர். ஆஸ்பத்திரி முடிந்தால் குப்பம், குப்பம் முடிந்தால் புத்தகம். இரண்டு காலும் திடமாகப் பிறந்து தொலைத்தேனே என்று நான் வயிறெரிந்த நாட்கள் நிறைய.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னைக் கூட்டிப்போவார். அதிலும் பாசம் ஒன்றும் இல்லை. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் என் வயதுப் பையன் ஒருவன் இருந்தான். அவன் காலோடு ஒப்பிட்டுப் பார்க்க, நோயில்லாத கால் ஒன்று அப்பாவுக்கு வேண்டும். அதற்குத்தான் நான். அவன் வீட்டு வாசல் மணலில் இருவரையும் உட்காரவைத்து, அளவு டேப்பை முதலில் அவன் கெண்டைக்காலில் சுற்றுவார், பிறகு என்னுடையதில். ஒவ்வொரு முறையும் அவனுடையதே பெரியது.

அவனுக்குத் தலைகால் புரியாது. அவன் அப்பாவுக்கோ அதைவிடப் பெருமை.

"இன்னா காலு பாத்தியா டாக்டரே. கட்டுமரம் தள்றதுக்குன்னே பொறந்த காலு இது."

கடல் அடங்கியதும் மகனைக் கட்டுமரத்தில் ஏற்றப்போவதாகக் குப்பம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். பையன் அடிக்கடி விழுவான். எழும்போது முழங்காலைப் பிடித்து, தொடையைப் பிடித்து, தன் மேலேயே தான் ஏறுவதுபோல் எழுவான். அதைச் சோம்பல் என்று திட்டினார்கள். அப்படித் திரண்ட காலில் பலம் இல்லையென்றால் எந்த மீனவன் நம்புவான்? நானே நம்பவில்லை. மாடிப்படியில் ஏறி ஏறி இறங்கி என் காலைப் பெருக்கப் பார்த்தேன்.

அளந்து முடித்ததும் அப்பா அவன் பாதத்தைத் தன் மடியில் வைத்துக்கொள்வார். குதிகாலுக்கு மேலே இறுகிப்போன தசைநாரை மெல்ல மெல்ல இழுத்துவிடுவார். தினமும் அதைச் செய்ய அவன் அம்மாவுக்கும் கற்றுக்கொடுத்தார். என் கால் அவர் மடியில் இருந்ததாக எனக்கு நினைவே இல்லை. டேப் தொடுகிற அந்தக் கொஞ்ச நேரம்தான் என் பங்கு.

ஒரு ஞாயிறு, திரும்பி வரும்போது ரிக்‌ஷாவில் கேட்டேவிட்டேன், அவன் கால் மட்டும் ஏன் எப்போதும் ஜெயிக்கிறது என்று.

"அது சதை இல்லம்மா, கொழுப்பு. தசை செத்த இடத்துல கொழுப்பு வந்து உட்கார்ந்துக்குது. சீக்கிரமே அவனால நடக்க முடியாது."

இதை நிறுத்த மருந்து இல்லையாம். இழுத்துவிடுவதெல்லாம் அந்த நாளைக் கொஞ்சம் தள்ளிப்போடத்தானாம். அப்படியானால் இத்தனை நாளும் ஜெயித்தது நான்தான் என்று நிமிர்ந்தேன். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் டைபாய்டில் கிடந்தபோதுகூட அழாத மனிதர். அந்தக் கண்ணீரும் அவனுக்கே போயிற்று.

அடுத்த வாரம் அப்பா அந்தப் பையனின் அப்பாவைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த மனிதர் கையிலிருந்த வலையைப் பிரிப்பதும் சேர்ப்பதுமாக வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு தபா மரத்துல ஏத்திகினு போவலாமா? புள்ள காத்துகினு கீறான்."

அப்பா கடலைப் பார்த்தார். அன்று அலை அடங்கியிருந்தது. இன்றைக்கே போகலாம், நானும் வருகிறேன், அவனை நான் பிடித்துக்கொள்கிறேன் என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கணுக்காலுக்கு மேல் என்னைக் கடலில் நனையவிடாதவர் அவர். பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கட்டுமரத்தில் ஏறி உட்கார்ந்தார். பையனைத் தூக்கி அவர் மடியில் கொடுத்தார்கள். அப்பாவின் இரண்டு கைகளும் அவனைச் சுற்றிக்கொண்டன. நானும் வருவேன் என்று ஓடினேன்.

"உனக்கென்னம்மா, நீ எப்ப வேணாலும் போலாம்," என்றார்.

அந்த 'எப்ப வேணாலும்' வரவே இல்லை. இந்த வயதிலும் அதை நினைத்தால் எனக்கு எரிகிறது. அலையைத் தாண்டியதும் பையன் திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். நான் ஆட்டவில்லை. டேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு குறையும் இல்லாத இரண்டு கால்களோடு கரையில் நின்றேன்.