வெள்ளைப் பூ வந்தும் சேலம் போனேன்

முப்பது வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவன் நான். மாரண்டஹள்ளியில் விசில் கொடுத்தால் ஓசூர் வரும்வரை சிறுநீரை அடக்கிக்கொள்ளத் தெரிந்தவன். அப்படிப்பட்டவனுக்குப் புராஸ்டேட்டில் புற்றுநோய் என்று சேலத்து டாக்டர் சொன்னபோது முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு பக்கத்து நாற்காலியைப் பார்த்தேன். காலியாக இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது.

டாக்டர் பொறுமைசாலி. நோய் பரவவில்லை, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் அந்தச் சுரப்பியை எடுத்துவிடலாம் என்றார். வழி இரண்டு. இரண்டிலும் வயிற்றில் சின்னச் சின்னத் துளைகள்தான். சாதாரண முறையில் நீளமான கருவிகளை டாக்டரே கையில் பிடித்துச் செய்வார். ரோபோ முறையில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பெரிதாகத் தெரியும் படத்தைப் பார்த்தபடி கையை அசைப்பார். உள்ளே ரோபோவின் கை அப்படியே அசையும். அதற்கு பெங்களூரு போக வேண்டும்.

"ரோபோன்னா ஒண்ணுக்கு ஒழுகாதுங்களா?" என்று கேட்டேன்.

"ரெண்டுலயும் கொஞ்ச நாள் ஒழுகலாங்க. ஆம்பள சமாச்சாரமும் அப்படித்தான், பெருசா வித்தியாசம் இல்ல. மெஷினவிட, செய்யறவருக்கு எவ்வளவு பழக்கம்ங்கறதுதான் முக்கியம். வூட்ல கலந்து பேசிட்டு வாங்க."

யாரோடு கலப்பது? ஒரே மகள் ஓசூரில் இருக்கிறாள், கம்பெனி வேலை. பெற்ற பெண்ணிடம் இந்த இடத்தில் நோய் என்று எந்த வாயால் சொல்வது? ஹெர்னியா ஆபரேஷன், லீவு போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். "ஹெர்னியா தானப்பா, பயப்படாதீங்க" என்றாள். அவள் நிம்மதியாகப் பேசியது எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. பொய் சொன்னவனுக்கு வந்த கோபத்தைப் பாருங்கள்.

மூன்று வாரம் குழம்பிவிட்டு, அம்மன் கோயிலில் பூப் போட்டுக் கேட்கப் போனேன். வெள்ளை அரளி வந்தால் பெங்களூரு, சிவப்பு வந்தால் சேலம். பூசாரி இரண்டையும் தனித்தனித் தாளில் மடித்து அம்மன் காலடியில் வைத்தார். கேட்பவனே எடுக்கக் கூடாது.

"வூட்டாளுங்க யாராச்சும் வந்து எடுக்கட்டுங்க" என்றார் பூசாரி.

எனக்குப் பின்னால் தன் காரியத்துக்காகக் காத்திருந்த ஒரு பெண்மணியைத்தான் கேட்டேன்.

"என்ன காரியங்கண்ணா?" என்றார் அவர்.

"நெலத்த விக்கலாமா வேண்டாமான்னு பாக்கறனுங்க."

அம்மன் முன்னாலேயே இரண்டாவது பொய். அவர் எடுத்துப் பிரித்தார். வெள்ளை. நல்லபடியாக முடியும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஆனால் பெங்களூரு பஸ் ஓசூர் வழியாகத்தான் போகும். பெங்களூரில் ஆபரேஷன் என்றால் மகள் வீட்டில்தான் தங்க வேண்டும். ஹெர்னியாவுக்கு எதற்கு ரோபோ, எதற்குச் சிறுநீர்க் குழாயும் பையும் என்று குடைந்தெடுப்பாள். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு சேலத்துக்கே போனேன். கூட வேலை பார்த்த டிரைவர் ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டார். யாரிடமும் மூச்சுவிட மாட்டேன் என்று சத்தியம் செய்தவர், மறுநாளே கிளம்பிவிட்டார்.

ஆபரேஷன் குறையில்லாமல் முடிந்தது. வீட்டுக்கு அனுப்பும் நாளில், பையைக் காலி செய்யச் சொல்லித்தர வந்த நர்ஸ், "கூட இருக்கறவங்களக் கூப்புடுங்க" என்றார்.

"எனக்கே சொல்லிக் குடுங்கம்மா" என்றேன்.

பையை எடுத்த பிறகு ஒழுகியது. கதவைச் சாத்திக்கொண்டு வேட்டி துவைத்தேன். உள்ளூர் மருந்துக் கடையில் கேட்க வெட்கப்பட்டு, ஈரம் உறிஞ்சும் பேடு வாங்கப் பாலக்கோடு வரை போனேன். மகள் போன் செய்தால் தையல் ஆறிவிட்டது என்று மட்டும் சொல்வேன். மூன்றாம் மாதம் ஒழுகுவது ஏறக்குறைய நின்றது. ரத்தப் பரிசோதனையும் நன்றாக வந்தது. அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அன்று முழுக்க வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாததுதான் நோயைவிட அதிகமாக வலித்தது.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் அழைத்தபோது, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனை எடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பா, என்கூட வேலை செய்யறவளோட அப்பாவுக்குப் புராஸ்டேட்ல கேன்சராம். பெங்களூர்ல ரோபோ ஆபரேஷன். இவதான் லீவு போட்டுக் கூட இருக்கா. பைய மாத்தறதுகூட இவதானாம்."

"பொம்பளப் புள்ளகிட்டப் போயி எப்புடிம்மா சொன்னாரு அந்த மனுசன்?"

"வேற யாருகிட்டப்பா சொல்லுவாரு?" என்றாள்.