பின்சந்தில் ஓடிய ஜெனரேட்டர்

கரண்ட் போனால் மற்றவர்கள் வீட்டில் ஃபேன் நிற்கும், எங்கள் வீட்டில் என் வீட்டுக்காரருக்கு மூச்சு நிற்கும். வார்ப்படத் தொழிற்சாலையில் வருஷக்கணக்கில் கிரைண்டிங் வேலை பார்த்து, அந்தத் தூசியையெல்லாம் நெஞ்சில் சேர்த்துக்கொண்டு வந்தவர். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். அறைக்காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பும். அது நிற்கக் கூடாது என்றுதான் மாடியில் சோலார் பேனலும் கீழே இன்வெர்ட்டரும் பேட்டரிகளும் வைத்தோம். ஓசூர் வெயிலை நம்பி வைத்தது.

புயல் மழை பிடித்துக்கொண்டது. நாலைந்து நாளாக வெயில் முகமே இல்லை, கரண்ட்டும் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு நாள் காலையில் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் போய்விட்டது. பேட்டரி தீரப்போகிறது என்று இன்வெர்ட்டர் கீச் கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

பாகலூர் ரோட்டில் கல்யாணங்களுக்கு ஜெனரேட்டர் வாடகைக்கு விடுகிறவரைக் கூப்பிட்டேன். இருந்தது சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர்தான். வாசலில் வைத்து இன்வெர்ட்டரோடு இணைத்தார். இன்வெர்ட்டர் டக்கென்று பிடிக்கும், டக்கென்று விட்டுவிடும். ஜெனரேட்டர் கரண்ட் ஏறி இறங்குகிறதாம், அதற்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிக்கிற வீட்டில் இதற்கு என்ன மாப்பிள்ளை முறுக்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்வெர்ட்டரின் பின்பக்கம் இருந்த ஒரு சுவிட்சை ஜெனரேட்டர்காரர் மாற்றிப் போட்டதும் அடங்கி ஓடியது.

அப்போதுதான் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். தென்மாவட்டத்து ஆள். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அப்போதுதான் படுத்திருக்கிறார்.

"அக்கா, கொஞ்சம் அந்தால தள்ளி வைக்கலாமா? ராத்திரி மறுபடி போணும்."

எங்கள் லைன் வீடுகளில் நைட் ஷிஃப்ட் ஆளைத் தூங்கவிடாமல் செய்வது பெரிய பாவம். என் வீட்டுக்காரரும் பகலில் தூங்கியவர்தானே. மழை வேறு வலுத்தது. இரண்டு பேருமாகத் தூக்கிப் போய்ப் பின்சந்தில் வைத்தார்கள். மேலே தகரம், மூன்று பக்கமும் சுவர். எங்கள் படுக்கையறை ஜன்னலும் அந்தப் பக்கம்தான்.

"பொக உள்ள வராதாண்ணா?" என்று கேட்டேன்.

"ஏனூ ஆகல்லம்மா, ஒண்ணும் ஆவாது. ஜன்னலச் சாத்திக்க" என்று கன்னடமும் தமிழுமாகச் சொல்லிவிட்டு ஜெனரேட்டர்காரர் கிளம்பினார்.

சாத்தினேன். ஜன்னலுக்கு மேலே இருந்த வெண்டிலேட்டரை யாரும் நினைக்கவில்லை.

பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றி, மெஷினையும் ஓட்டவேண்டியிருந்ததால் அந்தச் சின்ன ஜெனரேட்டர் திணறிக்கொண்டே ஓடியது. கொஞ்ச நேரத்தில் என் வீட்டுக்காரர், "தல நோவுது" என்றார்.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப்பை அவர் விரலில் மாட்டினேன். அவருக்குத் தொண்ணூற்றொன்று வந்தாலே அன்றைக்கு நல்ல நாள். தொண்ணூற்றேழு காட்டியது. சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாருங்க, எத்தன வருஷமாச்சு இப்பிடி வந்து. சும்மா மொனகாதீங்க" என்றேன்.

"தல வெடிக்குது. அத நிறுத்து."

மறுபடி பார்த்தேன். தொண்ணூற்றெட்டு.

"நிறுத்திட்டா மூச்சுக்கு எங்க போவீங்க?" என்று சீறினேன். பாடுபடுகிறவளுக்குத்தான் வலி தெரியும் என்றும் என்னென்னவோ சொன்னேன். அவருக்குக் கண் செருகியது. ராத்திரியெல்லாம் தூங்காத மனுஷன், தூங்கட்டும் என்று போர்வையை இழுத்துவிட்டேன்.

காபி போட எழுந்தேன். முழங்கால் மடங்கியது. எனக்கும் தலை பிளந்துகொண்டிருந்தது. காலையிலிருந்து சாப்பிடாததால்தான் என்று நினைத்துச் சுவரைப் பிடித்தபடி அடுப்படிக்குப் போய்ப் பின்கதவைத் திறந்தேன். போக வழியில்லாமல் சந்து முழுக்கப் புகை நின்றது. அவருக்கு நோய், சரி. குத்துக்கல் மாதிரி இருக்கிற எனக்கு எதற்குத் தலைவலி? அப்போதுதான் உறைத்தது. ஜெனரேட்டரை அணைத்துவிட்டு உள்ளே ஓடினேன்.

உலுக்கினேன், எழவில்லை. விரலில் அப்போதும் தொண்ணூற்றெட்டுதான்.

பக்கத்து வீட்டுக் கதவை இடித்தேன். தூக்கத்தில் இருந்தவர் ஓடிவந்து, என் வீட்டுக்காரரைத் தூக்கி வாசலில் கொண்டுவந்து கிடத்தினார். நான் மெஷினையும் வெளியே இழுத்துவந்தேன். பேட்டரியில் ஏறியிருந்த கொஞ்சநஞ்ச சார்ஜ், ஆம்புலன்ஸ் வரும்வரை தாங்கியது. கீச் சத்தம் எப்போது தொடங்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"ஜெனரேட்டர் புகை ரத்தத்துல கலந்துடுச்சும்மா. அந்த மெஷின் வீட்டுக் காத்தத்தானே இழுக்குது? விரல்ல போடற கிளிப்புக்குப் புகை எது, ஆக்சிஜன் எதுன்னு தெரியாது. ஆள் மயங்கினாலும் நல்லாத்தான் காட்டும்."

மறுநாள் சாயங்காலம்தான் அவர் கண் திறந்தார். நான் பழக்கத்தில் கிளிப்பை எடுத்துக்கொண்டு அவர் விரலைத் தேடினேன். கையை இழுத்துக்கொண்டார். மாஸ்க்கை விலக்கிவிட்டு, நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தல நோவுதுன்னு நான் வாயால சொன்னேன். நிறுத்துன்னும் சொன்னேன். நீ இந்தக் கிளிப்பத்தான் நம்புன."

தெருவையே அடக்கும் வாய் எனக்கு. அன்றைக்குக் கிளிப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, "இப்பத் தல நோவுதா?" என்று மட்டும் கேட்டேன்.