கரைவலைக் கயிறு

காணிக் கந்தோர் அலுவலர் தௌபீக் கோப்புக் கட்டைத் தூக்கினாலே மூச்சு வாங்குகிற தொந்திக்காரர். ஆனாலும் சனிக்கிழமை விடிந்தால் கந்தோர்க் கூட்டாளி நிரோசனையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு, சாரத்தை மடித்துக் கட்டிக் கடற்கரைக்குப் போய்விடுவார். கடலில் வளைத்த வலையைக் கரைக்கு இழுக்கும் கரைவலைக்காரரோடு சேர்ந்து கயிறு இழுப்பார்கள். பாட்டுக்கும் பகிடிக்கும்தான் போவது. கையில் கிடைக்கும் சூடை மீன் அதற்கு மேல்.

கந்தோர்களுக்கிடையிலான கயிறிழுத்தல் போட்டி வந்தது. காணிக் கந்தோருக்கு இறங்கியது தௌபீக் கூட்டம். எதிரே நின்றது மின்சாரக் கந்தோர், கம்பம் நட்டுப் பழகிய தோள்கள். தௌபீக்கின் தொந்தியைப் பார்த்து மைதானமே சிரித்தது. சிரித்தவர்களுக்குச் சனிக்கிழமை தெரியாது.

விசில் ஊதியதும் எதிரணி துள்ளித் துள்ளி இழுத்தது. தௌபீக் அசையவில்லை. குதிகாலை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னால் சாய்த்து, “ஏலேலோ” என்றார். “ஐலசா” என்றான் நிரோசன். அலை தளரும் நேரம் பார்ப்பதுபோல், எதிரணி மூச்சு விடும் நேரம் பார்த்து ஒவ்வோர் அடியாகப் பின்னால் நடந்தார்கள். மின்சாரக் கந்தோர் முழுவதும் கோட்டைத் தாண்டி வந்து குப்புற விழுந்தது.

தோற்ற அணித் தலைவன் மண்ணைத் தட்டிக்கொண்டே வந்தான். “எந்த ஜிம்முக்குப் போறீங்க, காக்கா?”

“ஜிம்மெல்லாம் இல்ல தம்பி, சனிக்கிழமை கரைவலைக்கு வாங்க,” என்றார் தௌபீக். “வலையில வாற சூடை உங்கள விடக் கூடத் துள்ளும்.”